செபே எந்தக் கடலின் மீன்? ஒரு பவளப்பாறை மீனின் வகைப்பாட்டையும் பரவலையும் கண்டறிந்து எழுதும் முறை

அக்கா மகள் பெங்களூரில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் கையுமாக அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். “மாமா, வெப்பமண்டலப் பவளப்பாறை மீன் ஏதாவது ஒண்ணோட வகைப்பாடும் பரவலும் எழுதித் தரணுமாம். உங்க தொட்டியில இருக்கிற செபேங்கற கோமாளி மீனையே எடுத்துக்கிட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க” என்றாள்.

பார்த்தேன். அரைப் பக்கம். விலங்குலகம், முதுகுநாணி என்று தொடங்கி ஆம்ஃபிபிரையான் செபே வரை ஏழு வரி. அதற்குக் கீழே “இந்தோ-பசிபிக் கடல்களில் காணப்படுகிறது” என்று ஒரே வரி. அந்த ஒரே வரியும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, என் தொட்டியில் இருப்பது செபேயே இல்லை. இது அவள் செய்த தப்பல்ல, என்னுடையது. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் “செபே கோமாளி சார், ராமேஸ்வரம் சரக்கு” என்று சொல்லிக் கொடுத்தார்கள். சொந்த ஊர் மண்டபம் பக்கம் என்பதால் நானும் உருகிப்போய் வாங்கி வந்து, ஒரு வருஷம் அந்தப் பெயராலேயே அழைத்துக்கொண்டிருந்தேன். தப்பு தெரிந்த பிறகும் வீட்டில் பெயர் மாறவில்லை.

அன்று மாலை இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உதாரணம் கோமாளி மீன்தான் என்றாலும், எந்தப் பவளப்பாறை மீனை எடுத்தாலும் வழி இதுதான்.

பெயரை மறந்துவிட்டு மீனைப் பாருங்கள்

கடைக்காரர் சொன்ன பெயர், கூகுள் படம் காட்டிய பெயர் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மீன் பக்கவாட்டில் திரும்பி, துடுப்புகளை விரித்திருக்கும்போது போனில் நாலைந்து படம் எடுங்கள். பிறகு ஒரு தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். வெள்ளைப் பட்டைகள் எத்தனை? ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நடுப்பட்டை நேராக இறங்குகிறதா, பின்பக்கம் சாய்கிறதா? முதுகுத் துடுப்புக்குள் ஏறுகிறதா? வால் என்ன நிறம்? வாலின் அடியில் பட்டை உண்டா?

உடல் நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், அதையும் பென்சிலில் எழுதுங்கள். கோமாளி மீன்களில் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். ஒரே இனம் ஒரு கடலில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் ஏறக்குறையக் கறுப்பாகவும் இருக்கும். எந்தக் கடற்சாமந்தியில் (பூப்போல விரிந்திருக்கும் கடல் விலங்கு) குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் கருமை கூடும். வயதும் சேர்ந்து குழப்பும். தக்காளிக் கோமாளி என்று விற்கும் இனத்தில் குஞ்சுக்கு இரண்டு மூன்று பட்டைகள் இருக்கும், வளர்ந்ததும் தலைப்பட்டை ஒன்றுதான் மிஞ்சும். குஞ்சை வைத்துப் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள்.

அவள் எண்ணினாள். “தலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வால் அடியில ஒண்ணு. மூணு இருக்கு மாமா.” இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடும்பம்: மூக்குத் துளையை எண்ணுங்கள்

மேலிருந்து கீழே வரும் ஏழு படிகளில் (உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம்) முதல் மூன்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விலங்கு, முதுகுநாணி உள்ளது, கதிர்த்துடுப்பு மீன். மத்திக்கும் வஞ்சிரத்துக்கும் இந்த மூன்று படியும் இதேதான். வேலை குடும்பத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கோமாளி மீன்கள் போமாசென்ட்ரிடே என்ற குடும்பம். ஏறக்குறைய 400 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. இதன் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு மூக்குத் துளைதான். மற்ற பெரும்பாலான எலும்பு மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டிக் கண்ணாடி வழியாகவே தெரியும். அடுத்தது, மலத்துளைக்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பின் முன்பக்கம் இரண்டு முட்கள்.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக்கு ஒற்றை மூக்குத் துளை இன்னொரு குடும்பத்துக்கும் இருக்கிறது: நம் ஏரிகளில் பிடித்து ரஸ்ஸல் மார்க்கெட் வரை வந்து சேரும் ஜிலேபி மீனின் குடும்பம். ஆனால் ஜிலேபிக்கு அடித்துடுப்பில் குறைந்தது மூன்று முட்கள். குழம்புக்கு வாங்கி வந்த ஜிலேபியைக் கழுவும்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

இந்த ஒற்றுமை வெறும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய பாடநூல்களில் போமாசென்ட்ரிடே, பெர்சிஃபார்மிஸ் என்ற மிகப் பெரிய வரிசைக்குள் இருக்கும். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்த வரிசை கலைந்துபோனது. 2012-இல் ஓவலென்டேரியா என்று ஒரு பெருங்கூட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் இழைகள் கொண்ட முட்டைகளைக் குறிக்கும் பெயர் அது. அந்தக் கூட்டத்துக்குள் கோமாளி மீனும் வருகிறது, ஜிலேபியும் வருகிறது, மடவையும் கோலாவும் வருகின்றன. கோலாவும் கோமாளியும் பங்காளிகள் என்றால் எங்கள் ஊர் மீனவர்கள் சிரிப்பார்கள்.

எழுதும்போது என்ன செய்வது? வரிசை என்ற இடத்தில் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகராதீர்கள். “முன்பு பெர்சிஃபார்மிஸ் வரிசையில் வைக்கப்பட்டது, இப்போது ஓவலென்டேரியா கூட்டத்துக்குள் வைக்கப்படுகிறது” என்று எழுதுங்கள். எந்த நூலைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். திருத்துபவர் பழைய நூலில் படித்தவராக இருந்தாலும் அப்போது அடிக்க மாட்டார்.

பேரினம்: இரண்டு பக்கமும் ரம்பம்

ஆம்ஃபிபிரையான் என்ற பெயர் கிரேக்கம். ஆம்ஃபி என்றால் இருபுறமும், பிரையான் என்றால் ரம்பம். செவுள் மூடியின் ஓரங்கள் ரம்பப் பல் போல இருப்பதால் வந்த பெயர். வலையில் சிக்கிய கோமாளியை எடுத்துவிடும்போது விரலில் சுருக்கென்று குத்துவது இதுதான்.

இந்தப் பேரினத்தை வைத்தவர்கள் பிளாக்கும் ஷ்னைடரும், ஆண்டு 1801. மார்கஸ் எலீசர் பிளாக் பெர்லினில் மருத்துவர். அவர் 1799-இல் இறந்துவிட, எழுதி முடிக்காமல் விட்டுப்போன மீன் நூலை ஷ்னைடர் முடித்து வெளியிட்டார். இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. பிளாக்குக்கு நம் பக்கத்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி. அதற்கு நன்றியாக கத்தாழை மீனின் பேரினம் ஒன்றுக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார் பிளாக். கத்தாழைக் குழம்பு சாப்பிடும் தரங்கம்பாடிக்காரருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ.

பேரினங்களும் மாறும். ரெட்டை முள் கொண்ட மெரூன் கோமாளியைப் பல காலம் பிரெம்னாஸ் என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தபோது அது ஆம்ஃபிபிரையான் கிளைக்குள்ளேயே இருந்ததால், இப்போது பலரும் இதற்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். கடைகளில் இன்னும் பிரெம்னாஸ்தான்.

இனம்: வேட்பாளர்களை எதிரெதிரே நிறுத்துங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே இனத்தின் விவரத்தை எடுத்து “பொருந்துகிறது” என்று டிக் அடிக்காதீர்கள். எல்லாம் பொருந்துவது போலத்தான் தோன்றும். சந்தேகப்படும் இனங்கள் அத்தனையையும் பக்கத்தில் வைத்து, “இது ஏன் அது இல்லை” என்று கேளுங்கள்.

செபே: கரும்பழுப்பிலிருந்து கறுப்பு வரை உடல், இரண்டே வெள்ளைப் பட்டைகள். நடுப்பட்டை லேசாகப் பின்னால் சாய்ந்து முதுகுத் துடுப்பின் பின்பகுதிக்குள் ஏறும். வால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. வாலடியில் வெள்ளைப் பட்டை கிடையாது.

கிளார்க்கி: மூன்று பட்டைகள், மூன்றாவது வாலடியில். வால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உடலைவிட வெளிர்ந்து இருக்கும். கடைகளில் செபே என்ற பெயரில் போவது பெரும்பாலும் இதுதான்.

பாலிம்னஸ்: செபேயின் நெருங்கிய உறவு. இதற்கும் நடுப்பட்டை சாய்ந்து மேலே ஏறும். ஆனால் வால் கறுத்து, ஓரம் மட்டும் வெளுத்திருக்கும்.

பைசிங்டஸ்: இதற்கும் இரண்டே பட்டைகள், வாலும் மஞ்சள். படத்தில் மட்டும் பார்த்தால் செபே என்று சொல்லிவிடலாம். செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் வாழ்வது.

எங்கள் தாளில் மூன்று பட்டைகள் இருந்தன. வழக்கு முடிந்தது. தொட்டியில் இருப்பது கிளார்க்கி.

எல்லா ஜோடியும் இவ்வளவு எளிதாகப் பிரியாது. “நீமோ” என்று விற்கும் ஆரஞ்சு மீன்களில் ஆசெல்லாரிஸ், பெர்குலா என்று இரண்டு இனங்கள் கலந்திருக்கும். பெர்குலாவுக்குப் பட்டைகளின் கறுப்பு ஓரம் பெரும்பாலும் தடித்திருக்கும் என்பார்கள், ஆனால் அதை நம்பி எழுத முடியாது. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும்: ஆசெல்லாரிஸுக்குப் பொதுவாக 11, பெர்குலாவுக்குப் பொதுவாக 10. “பொதுவாக” என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். அப்புறம் இடம். ஆசெல்லாரிஸ் அந்தமான் பக்கத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா, வடமேற்கு ஆஸ்திரேலியா வரை. பெர்குலா வடகிழக்கு ஆஸ்திரேலியா, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் பக்கம். மீன் எங்கே பிடிபட்டது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பெயரை எழுதும் விதமும் அதற்குள் இருக்கும் கதையும்

இந்த இரண்டையும் பாருங்கள்:

ஆம்ஃபிபிரையான் செபே பிளீக்கர், 1853
ஆம்ஃபிபிரையான் கிளார்க்கி (பென்னட், 1830)

ஒன்றில் அடைப்புக்குறி இல்லை, மற்றதில் இருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அக்கா மகள் அப்படித்தான் செய்திருந்தாள். பிளீக்கர் முதன்முதலில் பெயர் வைக்கும்போதே ஆம்ஃபிபிரையான் என்றுதான் வைத்தார், அதனால் அடைப்பு இல்லை. பென்னட் தன் மீனுக்கு ஆந்தியாஸ் கிளார்க்கி என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை ஆம்ஃபிபிரையானுக்கு மாற்றினார்கள். இப்படிப் பேரினம் மாறிய பெயர்களுக்கு முதலில் விவரித்தவரை அடைப்புக்குள் போடுவது விதி.

யார், எப்போது என்பதோடு, எந்த இடத்து மீனை வைத்து விவரித்தார் என்பதையும் தேடுங்கள். அதற்கு வகையிடம் என்று பெயர். கிளார்க்கிக்கு அது இலங்கை. செபேக்கு ஜாவாவின் பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. பிளீக்கர் டச்சுப் படையில் மருத்துவராக அங்கே போனவர். மீனவர்களிடமும் சந்தையிலும் மீன் வாங்கி வாங்கியே நூற்றுக்கணக்கான இனங்களை விவரித்தார். செபே என்ற பெயர் ஆல்பர்ட்டஸ் செபா நினைவாக வந்தது. ஆம்ஸ்டர்டாமில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு, கப்பல்காரர்கள் கொண்டுவந்த விலங்குகளையெல்லாம் சேர்த்துவைத்தவர் அவர், 1736-இல் இறந்தார்.

இந்த விவரங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் எஷ்மேயர் மீன் பட்டியல். முதல் பெயர், வகையிடம், இன்றைய நிலை எல்லாம் ஒரே பத்தியில் கிடைக்கும். ஃபிஷ்பேஸ் என்ற இணைய மீன் தகவல்தளம் அதற்கு அடுத்தது. விக்கிப்பீடியா கடைசியில், சரிபார்க்க மட்டும்.

பரவல்: வரைபடத்தில் புள்ளி வைக்கும் முன்

“இந்தோ-பசிபிக்” என்ற சொல்லைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை அத்தனையும் அதற்குள் அடக்கம். “உங்க வீடு எங்க?” என்று கேட்டால் “ஆசியா” என்று சொல்வது போல.

செபேயின் பரவல் இதுதான்: அரபுத் தீபகற்பத்தின் தென்கரை, இந்தியா, இலங்கை, மாலத்தீவு, அந்தமான், சுமத்ரா, ஜாவா. வடக்கு இந்தியப் பெருங்கடல் முழுக்க, ஜாவாவோடு நின்றுவிடுகிறது. பசிபிக் கிடையாது. கிளார்க்கியோ பாரசீக வளைகுடாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியா, மெலனீசியா, தைவான், தென் ஜப்பான் வரை போகிறது. கோமாளி மீன்களிலேயே மிகப் பரந்த வீடு அதற்குத்தான்.

முதலில் இப்படி நாடு நாடாகப் பட்டியல் எழுதுங்கள். அப்புறம் எந்த உயிரினம் எங்கே பதிவானது என்று சேர்த்துவைக்கும் ஜிபிஐஎஃப் (GBIF), ஓபிஸ் (OBIS) போன்ற தரவுத்தளங்களிலிருந்து பதிவுப் புள்ளிகளை இறக்கி, பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலுக்கு வெளியே விழும் ஒவ்வொரு புள்ளியையும் விசாரியுங்கள். நிலத்தின் நடுவே ஒரு புள்ளி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண் தப்பு, இல்லாவிட்டால் யாரோ மீன் காட்சியகத்தில் எடுத்த படம். பழைய அருங்காட்சியகச் சீட்டில் ஒரு துறைமுகத்தின் பெயர் மட்டும் இருந்தால், மீன் அங்கே பிடிபட்டதா, அங்கிருந்து கப்பலேறியதா என்று சொல்ல முடியாது. படம் இருந்தால் பட்டைகளை எண்ணுங்கள். நான் ஏமாந்த மாதிரி பிறரும் ஏமாந்திருப்பார்கள்.

அடுத்து, எந்த ஆழம், எந்தத் தரை, யாரோடு என்று பாருங்கள். கோமாளி மீனுக்கு இதில் கடைசிக் கேள்விதான் உயிர். கடற்சாமந்தி இல்லாமல் அது கடலில் பிழைக்காது. அதற்கு இடம் கொடுக்கும் சாமந்தி இனங்கள் பத்து. கிளார்க்கி பத்திலும் குடியிருக்கும். செபேக்கு ஒன்றே ஒன்று: ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி என்ற கம்பளச் சாமந்தி. அது மணலில் பதிந்து விரிந்து கிடப்பது. அதனால் செபேயைப் பவளக் கிளைகளுக்கு நடுவே தேடினால் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் பார் என்று சொல்லும் கல்தரையை விட்டு இறங்கி, பக்கத்து மணலில் பார்க்க வேண்டும். “பவளப்பாறை மீன்” என்று தலைப்பில் எழுதினாலும் இதை உள்ளே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இப்போது சுவையான கேள்வி: செபே ஏன் ஜாவாவோடு நிற்கிறது? சாமந்தி இல்லாததாலா? இல்லை. அந்தக் கம்பளச் சாமந்தி செங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை இருக்கிறது. வீடு இருக்கும் இடமெல்லாம் செபே இல்லை. பசிபிக் பக்கத்தில் அதே சாமந்தியில் குடியிருப்பது பாலிம்னஸ், அதாவது உறவுக்காரர். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய நிலம். அதற்கு முந்தைய பனியுகங்களிலும் இதே கதை நடந்தது. இரண்டு பெருங்கடல்களுக்கும் இடையே கதவு திரும்பத் திரும்பச் சாத்தப்பட்டதால், பக்கத்துக்கு ஒன்றாக ஜோடி இனங்கள் பல பவளப்பாறை மீன்களில் இருக்கின்றன. செபே, பாலிம்னஸ் ஜோடியை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். “பார்க்கலாம்” என்றுதான் எழுத வேண்டும், “இதனால்தான்” என்று எழுதக் கூடாது.

இரண்டாவது காரணம் குஞ்சுகளின் பயணம். முட்டை பாறையில் ஒட்டியிருக்கும், ஒரு வாரம் போல் தந்தை மீன் காவல் காக்கும். பொரிந்த குஞ்சு திறந்த நீரில் மிதப்பது சுமார் பத்து நாள்தான். மாதக்கணக்கில் மிதக்கும் மீன்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. பப்புவா நியூகினியின் கிம்பே தீவில் பெர்குலாவை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், அங்கே குடியேறிய குஞ்சுகளில் சுமார் 60 விழுக்காடு அந்தத் தீவிலேயே பிறந்தவை என்று தெரிந்தது. பெரும்பாலானவை பிறந்த ஊரைத் தாண்டுவதில்லை. இந்தியப் பெருங்கடலில் இடத்துக்கு இடம் தனித்தனிக் கோமாளிகள் இருப்பது இதோடு பொருந்துகிறது: மாலத்தீவு, இலங்கைப் பக்கம் நைக்ரிபெஸ், சாகோஸுக்குச் சாகோசென்சிஸ், ஓமனுக்கு ஓமனென்சிஸ். அட்லாண்டிக்கில் கோமாளி மீன் ஒன்றுகூடக் கிடையாது.

இல்லாத இடத்தையும் எழுதுங்கள். இந்தியாவின் முக்கியப் பவளப் பகுதிகள் நான்கு: மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும், அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா. வங்காள விரிகுடாவின் வடபகுதியில் பெரிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் பவளத்துக்கு ஒத்துவராது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின, அவற்றில் இரண்டு பிறகு மூழ்கிவிட்டன. பூங்காவுக்குள் உயிரினம் எதையும் எடுக்கக் கூடாது. மாதிரி வேண்டுமென்று அங்கே யாரும் கைவைக்க வேண்டாம், படம் போதும்.

எழுதிய வடிவம்

கடைசியில் அவள் செபேயைத்தான் எடுத்துக்கொண்டாள், தொட்டியில் இல்லாவிட்டாலும். பரவல் சின்னது, காரணம் சொல்ல முடிகிறது, சொந்த ஊர்க் கடலும் அதற்குள் வருகிறது. முதல் பத்தி இப்படி வந்தது:

“ஆம்ஃபிபிரையான் செபே பிளீக்கர், 1853. குடும்பம் போமாசென்ட்ரிடே, ஓவலென்டேரியா கூட்டம் (முன்பு பெர்சிஃபார்மிஸ்). வகையிடம் ஜகார்த்தா. இரண்டு வெள்ளைப் பட்டைகள், சாய்ந்த நடுப்பட்டை, மஞ்சள் வால் ஆகியவற்றால் கிளார்க்கி, பாலிம்னஸ் இரண்டிலிருந்தும் பிரித்தறியலாம். அரபுத் தீபகற்பத்தின் தென்கரையிலிருந்து ஜாவா வரை வடக்கு இந்தியப் பெருங்கடலில் மட்டும் வாழ்கிறது. ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி சாமந்தியோடு மணற்தரையில் காணப்படும்.”

ஏழு வரிப் படிக்கட்டைத் தனி அட்டவணையாகப் பின்னால் வைத்தோம். வரைபடத்தில் செபேக்குத் தடித்த கோடு, பாலிம்னஸுக்குப் புள்ளிக்கோடு. இரண்டும் ஜாவாவுக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

லேப்டாப்பை மூடும் முன் தொட்டியைக் காட்டிக் கேட்டாள்: “அப்ப இவனை எங்க மாமா போடறது?” கிளார்க்கி பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பான் வரை எங்கிருந்தும் வந்திருக்கலாம். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்தும் விற்கிறார்கள், மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அந்த வேலையைச் செய்திருக்கிறது. கடைக்காரருக்கே தெரியாது. ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துச் செய்த கடலில் இருக்கும் மீனுக்கு வரைபடத்தில் புள்ளி கிடையாது என்றேன். படத்தை மட்டும் பின்னிணைப்பில் சேர்த்து, கீழே இப்படி எழுதினாள்: “கிளார்க்கி. வீட்டுத் தொட்டி, பெங்களூர். பிடிபட்ட இடம் தெரியவில்லை.”